கோடையிற் குடுவைச் செடியைப் பேணல்

(உலர் வலயக் கிராமமொன்றில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மிளகாயின் இலைச்சுருளைப் பற்றியோ வெங்காயத்தின் அழுகலைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உண்ணவும் உதவாதது, உலையிலிடவும் உதவாதது. பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் கோடை காலத்தில் எவ்வாறு காப்பாற்றுவது என்பதே அது. இந்தச் செடி நமக்கு எதற்கு என்று சிலர் முகம் கேட்பதை இங்கிருந்தே காண்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கூறுமிடத்து என் தவறொன்றையும் கூறவேண்டியிருக்கிறது.

என் பிரிவில் மிளகாயும் கத்தரியும் பயிரிடும் கமக்காரர் ஒருவர், ஈரவலயத்து நாற்றுத்தோட்டமொன்றிலிருந்து பன்னிரண்டு குடுவைச் செடிகளை விலைக்கு வாங்கி வந்தார். தண்டுகளை வெட்டிப் பதியவைத்துக் கன்றுகளாக்கிப் பட்டினத்துப் பூஞ்செடி வியாபாரிகளுக்கு விற்கலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் பிழையானதன்று, இச்செடியை விரும்பி வாங்குவோர் இன்று பலர் உளர். ஆயின் அதற்கென அவர் செலவிட்ட பணம், அடுத்த போகத்து வெங்காய விதைக்கென ஒதுக்கிவைத்த பணமாகும். வைகாசி மாதத்தில் இலையோரங்கள் கருகத் தொடங்கியதும் அவர் என்னிடம் வந்தார். நான் விவசாயப் பாடசாலையிற் கற்றவன். வாடிய கன்றுக்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற துணிவில், நன்றாக உக்கிய மாட்டெருவில் ஒரு பங்கைச் சாடியிற் கலக்கும்படியும், காலையும் மாலையும் கிணற்று நீரை ஊற்றும்படியும், அடர்ந்த நிழலில் வைக்கும்படியும் கூறினேன். நான் கூறியபடியே அவர் செய்தார். ஒரு மாதத்துள் ஒன்பது செடிகள் இறந்தன.

எஞ்சிய மூன்றும் பிழைத்தது என் ஆலோசனையால் அன்று. அவற்றை அவர் மனைவியார் என் சொல்லைக் கேளாமல் கிணற்றடி வாழைப் பற்றைக்கு அருகே வைத்திருந்தார். பழைய சமையற் பானையொன்றில் ஈர மணலை இட்டு, அதனுள்ளே சாடியை இறக்கி, பீலியிலிருந்து பீப்பாவிற் சேர்த்துவைத்த மழைநீரையே ஊற்றிவந்தார். ஏன் கிணற்று நீரை விடவில்லை என்று கேட்டேன். “ஐயா, பருப்பு வேகாத தண்ணீரை இந்தப் பிள்ளைக்கு எப்படி ஊற்றுவது?” என்றார். நான் நூலிற் கற்று மறந்திருந்ததை அவர் அடுக்களையிற் கண்டிருந்தார். அவ்வம்மையார் செய்தவற்றின் காரணங்களையே இன்று உங்களுக்கு விளக்கப் போகிறேன்.

முதலிற் செடியை அறிந்துகொள்வோம். நமது நாட்டுக்கேயுரிய குடுவைச் செடி ஒரே இனமாகும். நெப்பந்தெஸ் டிஸ்ரிலற்றோரியா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். சிங்கள மக்கள் பாந்துரா என்பர். சிங்கராஜ வனத்திலும், இரத்தினபுரி, காலி, களுத்துறைப் பகுதிகளின் பற்றைக் காடுகளிலும் தெருவோரத் திட்டிகளிலும் கொடியாகப் படர்ந்து காணப்படும். அதன் கொடியை வேலி கட்டவும் கூடை பின்னவும் அங்குள்ளோர் பயன்படுத்தி வந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கு மருத்துவராகப் பணியாற்றிய பவுல் ஹேர்மன் என்பார் திரட்டிய உலர்ந்த செடிகளைக் கொண்டு, சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1753 ஆம் ஆண்டில் இச்செடிக்கு மேற்கூறிய பெயரை வைத்தவரும் அவரே. உலகில் இன்று அறியப்பட்ட குடுவைச் செடி இனங்கள் நூற்றுக்கும் அதிகம். அவை போர்ணியோ, சுமாத்திரா, பிலிப்பைன் தீவுகளிலேயே மிகுதியாக உள்ளன. இருந்தும் அக்குடும்பத்தில் லின்னேயசு முதன்முதற் பெயரிட்டது நம் நாட்டுச் செடிக்கே.

குடுவை என்பது பூவன்று, காயுமன்று. இலையின் நடுநரம்பு நுனியைக் கடந்து நூல்போல நீண்டு, அந்நூலின் முனையில் ஒரு மொட்டு வீங்கிக் குடுவையாகிறது. மூடி திறக்கும் முன்னரே உள்ளே நீர் நிறைந்திருக்கும். அது மழைநீரன்று, செடி தானே சுரந்த நீர். விளிம்பில் ஊறும் தேனை நாடி வரும் எறும்பும் ஈயும், ஈரம் பட்ட விளிம்பில் வழுக்கி உள்ளே வீழ்ந்து, அந்நீரிற் சமிபாடடைகின்றன. பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளும் என்று சிலர் கூறுவது தவறு. ஒருமுறை திறந்த மூடி பின்னர் அசைவதில்லை. மழை மிகுதியாக உட்புகாமற் காப்பதே அதன் வேலை. ஆங்கில தேசத்துத் தாவர அறிஞர் யோசப்பு ஹுக்கர் 1874 ஆம் ஆண்டில் முட்டை வெண்கருவையும் இறைச்சித் துண்டையும் குடுவைகளில் இட்டு, அவை கரைவதைக் கண்டு, இச்செடி உண்மையாகவே உணவைச் செரிக்கின்றது என்று எடுத்துக்காட்டினார்.

இச்செடி ஏன் பூச்சியைத் தேடுகிறது? அது வளரும் மண்ணிற் சத்து இல்லை. மழை அடித்துக் கழுவிச் சென்ற, புளிப்புத்தன்மையுள்ள, வெறும் மண் அது. நைதரசனையும் பொசுபரசையும் மண் தராதபடியால் செடி அவற்றைக் காற்றிற் பறப்பவற்றிலிருந்து பெறுகிறது. ஆதலின் அதன் வேர்கள் மெலிந்தவை, கரியவை, தொட்டால் முறிபவை. உப்பையும் எருவின் காரத்தையும் தாங்கும் ஆற்றல் அவ்வேர்களுக்கு இல்லை. நமது மிளகாய்க் கன்றுக்கு விருந்தாவது இதற்கு நஞ்சாகும். இதை நினைவில் வைத்துக்கொள்வீர்களானால் நான் செய்த தவறை நீங்கள் செய்யமாட்டீர்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். “ஈரவலயத்துச் செடி இங்குள்ள வெப்பத்தைத் தாங்காது” என்று பலரும் கூறுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் இரத்தினபுரியின் மார்ச்சு மாதத்துப் பகல் வெப்பம் வவுனியாவின் பகல் வெப்பத்திற்கு இளைத்ததன்று. 32, 33 பாகை வெப்பத்தில் அங்கு இச்செடி குடுவை விட்டுத் தழைத்து நிற்கிறது. நமது செடி தாழ்நிலத்துச் செடி. வெப்பம் அதற்குப் பழக்கமானதே. அங்கிருந்து இங்கு வரும்போது மாறுபவை வேறு. அங்கே ஆண்டில் மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காற்று எப்போதும் ஈரமுடையது. இங்கே வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகக் காற்று ஓயாது வீசி, இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அங்கே வேர் நிழல் மண்ணின் ஆழத்திற் குளிர்ந்து கிடக்கிறது. இங்கே அதே வேர் ஒரு சாண் அகலமுள்ள கரிய பிளாத்திக்குச் சாடியினுள்ளே வெந்து கிடக்கிறது. அங்கே அது பருகுவது மழைநீர், இங்கே கிணற்று வன்னீர். ஆகவே செடியைக் கொல்வது வெயில் மட்டுமன்று. உலர்ந்த காற்று, சூடேறிய வேர், உப்பு நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தே கொல்கின்றன. வெயிலை மாத்திரம் மறைத்துவிட்டு மற்றைய மூன்றையும் விட்டுவைத்ததே அன்று நான் கூறிய வைத்தியம்.

முதலிற் காற்று. சாடியை வைக்கும் இடத்தைச் சோழகம் நேரே தாக்காதவாறு தெரிந்துகொள்ளுங்கள். வீட்டின் கிழக்குப் புறம் நல்லது. காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் வெயிலை வீடே மறைத்துவிடும். அதிலும் கிணற்றடியில், இறைத்த நீர் ஓடும் வாய்க்காலின் அருகே, வாழைப் பற்றையின் ஓரம் கிடைத்தால் அதனினும் சிறந்த இடம் இல்லை. வாழையிலைகள் காற்றைத் தடுக்கும். ஈர மண்ணிலிருந்து எழும் ஆவி சுற்றிலும் நிற்கும். சீமெந்துத் தளத்தின்மேலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். பகலெல்லாம் வெயிலை உண்ட சீமெந்து இரவு முழுவதும் அவ்வெப்பத்தைக் கக்கும். பகல் வெப்பத்திலிருந்து செடி தேறுவது இரவிலேதான். இரவும் சூடாகவே இருந்தால் அது தேறுவது எப்போது?

வாழைப் பற்றை இல்லாதவர்கள் சாக்கைப் பயன்படுத்தலாம். இரண்டு கம்புகளை நட்டு, காற்று வரும் பக்கத்தில் ஒரு சணற்சாக்கைத் தொங்கவிட்டு, காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அதை நனைத்து விடுங்கள். உலர்ந்த காற்று அச்சாக்கினூடே வரும்போது அதன் ஈரத்தை எடுத்துக்கொண்டு தானும் குளிர்கிறது. மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், இதுவும் அதுவே. காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கு இம்முறை நன்கு பயன்படும். ஆதலால் கொழும்பிற் பெரிதும் பயன்படாத இவ்வுபாயம் வன்னியில் நன்கு பயன்படுகிறது. சாக்கை நனைப்பதற்குக் கிணற்று நீரே போதும். அந்நீர் செடியிற் படாமல் மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேர். நண்பகலில் வெயிலில் நிற்கும் ஒரு கரிய சாடியின் பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டில் வேர் எவ்வாறு பொறுக்கும்? வேர் அவிந்தால் மண்ணில் நீர் நிறைந்திருந்தும் இலை வாடும். வாடியதைக் கண்டு நாம் மேலும் நீரூற்றுவோம். அவிந்த வேர் அந்நீரில் அழுகிவிடும். இது குடுவைச் செடிக்கு மாத்திரம் உரியதன்று. பொலித்தீன் பைகளில் மிளகாய், தக்காளி நாற்றுகளை வளர்ப்போர், பைகளை வெறுந்தரையில் வரிசையாக அடுக்கி, ஓரத்து வரிசை மாத்திரம் ஏன் பட்டுப்போகிறது என்று என்னைக் கேட்பதுண்டு. மேற்குப் புறத்து வெயில் அவ்வரிசையின் பைகளை நேரே சுடுகிறது. ஒரு வாழை மடலை அவ்வோரத்தில் நிறுத்தி வைத்தால் அவ்வரிசையும் பிழைக்கும்.

குடுவைச் செடிக்கு அவ்வம்மையார் செய்ததே சிறந்த முறை. செடியுள்ள பிளாத்திக்குச் சாடியிலும் நான்கு விரல் அகலம் கூடிய, பூச்சுப் பூசாத மண்பானை ஒன்றை எடுங்கள். அடியில் ஒரு துளை இருக்கட்டும். உள்ளே இரண்டு மூன்று செங்கற்றுண்டுகளை வைத்து, அவற்றின்மேல் சாடியை நிறுத்தி, சாடிக்கும் பானைக்கும் இடையிலுள்ள வெளியில் மணலை இட்டு நனைத்துவிடுங்கள். பானையின் புறம் வியர்க்க வியர்க்க உள்ளே குளிர்ச்சி நிற்கும். செங்கல் வைப்பதை மறவாதீர்கள். சாடியின் அடித்துளை ஈர மணலிற் பட்டால், மணலுக்கு ஊற்றிய கிணற்று நீரின் உப்பு அத்துளை வழியே மேலேறி வேரை அடையும். அவருடைய பானையில் உடைந்த ஓட்டுத் துண்டுகள் இருந்தன. வேண்டுமென்றே வைத்தாரா, பானையின் ஓட்டையை அடைக்க வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

செடியை நேரே மண்சாடியில் நட்டால் என்ன என்று கேட்கலாம். மண்சாடி குளிர்ச்சியானதே. ஆயினும் நீர் அதன் சுவர் வழியே ஆவியாகும்போது உப்பு உள்ளே தங்கிவிடும். சில மாதங்களில் சாடியின் ஓரம் வெள்ளை பூக்கும். ஆதலால் வேருக்குப் பிளாத்திக்கும் குளிர்ச்சிக்கு மண்பானையுமாக இரண்டையும் சேர்த்து வைப்பதே நன்று.

சாடியில் இடும் கலவையில் தோட்டத்து மண் வேண்டாம், எருவும் வேண்டாம். விரல்நுனி அளவாக நறுக்கிய பொச்சுத் துண்டு இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்தாற் போதும். சிறிது சிரட்டைக் கரியை உடைத்துச் சேர்ப்பதும் நல்லது. கரையோரத்து உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தும்புத்தூளில் உப்பு இருக்கும். ஆகையால் அதை ஒரு வாளியில் இட்டு, மூன்று நாள் ஊறவைத்து, நாளொரு முறை நீரை மாற்றிப் பிழிந்து, கடைசித் தடவை மழைநீரில் அலசியபின் பயன்படுத்துங்கள். கடல் மணலைத் தொடாதீர்கள். யாழ்ப்பாணத்து அன்பர்கள் சாடியின் அடியில் வழக்கமாக இடும் சுண்ணக்கற் சல்லியையும் இதற்கு இடலாகாது. அது கலவையின் புளிப்பை முறித்துவிடும்.

இப்போது நீர். இதிலேதான் பெரும்பாலோர் தோற்கின்றனர். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நம் கிணறுகளில் மிகுதியானவை வன்னீர்க் கிணறுகள். அந்நீரால் மிளகாய் விளைகிறது, வெங்காயம் விளைகிறது. ஆதலால் அதைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் உங்கள் கிணற்று நீரில் பருப்பு மலர வேகவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை, கேத்திலின் அடியில் வெள்ளைத் தோடு படிகிறது என்றால், அந்நீர் இச்செடிக்கு ஆகாது. கொதிக்கவைத்து ஆற்றினால் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி படியுமேயன்றி, ஏனைய உப்புகள் அனைத்தும் அப்படியே நிற்கும். நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு கூடவும் செய்யும். மழைநீரே வேண்டும்.

மழைநீருக்கு எங்கே போவது என்று மலையாதீர்கள், கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் வரும். ஒரு சாடிக்குக் கடுங்கோடையில் நாளொன்றுக்கு அரை லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 150 நாளுக்கு 75 லீற்றர். மூன்று சாடிகளுக்கு 225 லீற்றர்; ஏறத்தாழ ஒரு பீப்பா. பன்னிரண்டு சாடிகளுக்கு 900 லீற்றர். பத்துச் சதுர மீற்றர்க் கூரையில் ஐப்பசி கார்த்திகையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 1,000 லீற்றர் ஓடிவிடுகிறது. வழியிற் சிந்தி வீணாவதைக் கழிப்பதற்கு இன்னும் சில நாள் மழையைப் பிடித்தாற் போதும். முதல் மழை கூரையின் புழுதியையும் பறவை எச்சத்தையும் கழுவிச் செல்லட்டும். இரண்டாம் மழையிலிருந்து பிடியுங்கள். பீப்பாவின் வாயைத் துணியாலோ நெருக்கமான வலையாலோ இறுகக் கட்டுங்கள். நுளம்பு பெருகிப் பிள்ளைகளுக்குக் டெங்கு வருமாயின், செடி பிழைத்து என்ன பயன்? சாடியின் கீழே தட்டு வைத்து நீரைத் தேக்குவதும் இதே காரணத்தால் ஆகாது. அன்றியும் தேங்கிய நீர் வெயிலிற் சூடேறி வேரை அழுக்கிவிடும்.

நீரூற்றுவது காலையில், வெயில் ஏறும் முன்னர். கலவை முழுவதும் நனைந்து அடியால் வடியும்வரை ஊற்றி, பின்னர் மேற்பரப்பு சிறிது உலரத் தொடங்கும்போது மீண்டும் ஊற்றுங்கள். சேறாகவும் கூடாது, காயவும் கூடாது. மாலையில் இலைகளின்மேல் மழைநீரைத் தெளித்தால் செடி இரவில் நன்கு தேறும்.

நிழலைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. காலையில் இரண்டு மூன்று மணிநேர வெயில் வேண்டும். பத்து மணிக்குப் பின் மேலே ஒரு கிடுகுப் பந்தல் வேண்டும். கிடுகை நெருக்கி வேயாமல், வெயில் புள்ளி புள்ளியாக விழும்படி இடைவிட்டுப் போடுங்கள். கடையில் விற்கும் நிழல் வலையில் அரைப்பங்கு வெயிலை மறைக்கும் வலை பொருத்தமானது. அடர்ந்த இருளில் வைத்தாற் செடி கரும்பச்சையாக, நீண்ட இலைகளோடு, பார்ப்பதற்குக் கொழுமையாக நிற்கும். ஆனால் குடுவை விடாது. இலை சற்றே சிவந்திருப்பது வெளிச்சம் போதுமானது என்பதற்கு அடையாளம், அது நோயன்று.

எரு, பசளை எதுவும் சாடியில் இடவேண்டாம் என்று முன்னரே கூறினேன். யூரியா ஒரு சிட்டிகையும் வேண்டாம். குடுவையினுள் சோற்றையோ மீனையோ இறைச்சியையோ போடுவது பிள்ளைகளுக்கு வேடிக்கை. குடுவை அழுகி நாறும். எறும்பு தானாகவே வந்து விழும். திண்ணையில் வைத்த செடிக்கும் எறும்புப் பஞ்சம் ஏற்பட்டதை நான் கண்டதில்லை. குடுவையிலுள்ள நீரைக் கொட்டாதீர்கள். பயணத்தில் அது சிந்திவிட்டால் மூன்றிலொரு பங்குக்கு மழைநீர் விட்டு வையுங்கள். மிளகாய்த் தோட்டத்திற் பூச்சிநாசினி தெளிக்கும் நாளில், காற்று வீசும் திசையில் இச்செடி நில்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டத்திற் பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, வரம்பு நெடுக இதை நட்டால் கபிலத் தத்தி குறையாதா?” என்று கேட்டார். குறையாது. ஒரு குடுவை ஒரு மாதத்திற் பிடிப்பதிலும் அதிகமான தத்திகள் ஒரு நெற்பற்றையின் அடியிலே உள்ளன. அன்றியும், சேறும் பசளையும் நிறைந்த வயலில் இது ஒரு கிழமையும் உயிரோடிராது. பூச்சி தின்னும் செடியை வயலிற் காணவேண்டுமென்று ஆசையுள்ளவர்கள் குளத்து நீரிலும் வயல்வாய்க்காலிலும் மிதக்கும், மஞ்சட் பூப்பூக்கும் ஒரு பாசிபோன்ற செடியைப் பாருங்கள். அதன் இழைகளில் ஒட்டியிருக்கும் நுண்ணிய பைகள் நீர்ப்பூச்சிகளை உறிஞ்சி உண்கின்றன. அதை நாம் களையென்று அள்ளி எறிந்துகொண்டிருக்கிறோம்.

செடி துன்பப்படுகிறது என்பதை எவ்வாறு அறிவது? இலை வாடும்வரை காத்திராதீர்கள். இலைநுனியில் தொங்கும் சிறு மொட்டைப் பாருங்கள். காற்றில் ஈரம் குறைந்ததும், குடுவையாக வேண்டிய அம்மொட்டு வளராமற் காய்ந்து பழுப்பாகும். அதுவே முதல் அடையாளம். அடுத்து, விரிந்த குடுவைகள் மூடிப் பக்கமிருந்து கீழ்நோக்கிக் காயும். அதன் பின்னரே இலையோரம் கருகும். மொட்டுக் காயும்போதே சாக்கைக் கட்டினால் செடி திரும்பும். இலை கருகிய பின் கட்டினால் நாள் செல்லும். பழைய குடுவை ஓரிரண்டு தாமாகக் காய்வது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

வெயில் அடித்து வாடிய செடியைக் கண்டதும் சாடி மாற்றுவது பலருடைய வழக்கம். கோடையில் அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே நொந்த வேர் முறிந்துபோகும். நிழலுக்குக் கொண்டு சென்று, மழைநீரை அளவாக ஊற்றி, மேலே கண்ணாடிபோன்ற பொலித்தீன் பையொன்றைக் கவிழ்த்து, கீழே சிறிது காற்றுப் புகவிட்டு வையுங்கள். பையோடு வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். முற்றாகக் காய்ந்தவற்றை மாத்திரம் வெட்டுங்கள். குடுவை காய்ந்தாலும் இலை பச்சையாக இருந்தால் இலை நிற்கட்டும், செடிக்கு உணவு சமைப்பது அதுவே. பின்னர் பொறுத்திருங்கள். புதிய இலைகள் இரண்டு மூன்று வந்தபின்னரே குடுவை வரும்.

வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். போர்ணியோவின் கினபாலு போன்ற உயர்ந்த மலைகளில் வளரும் இனங்களையும் இப்போது சிலர் விற்கின்றனர். அழகிற் சிறந்தவை, விலையிலும் உயர்ந்தவை. அவற்றுக்கு இரவுக் குளிர் வேண்டும். பகல் எவ்வளவு மிதமாயினும் இரவு 15 பாகை அளவுக்கு இறங்காவிட்டால் மெல்ல மெல்ல நலியும். நுவரெலியாவில் உள்ளவர் வளர்க்கலாம். வன்னியிலே நனைந்த சாக்கு எத்தனை கட்டினாலும் அவ்விரவை நாம் உண்டாக்க முடியாது. அவ்வகையில் வெங்காய விதைப் பணத்தைப் போடாதீர்கள்.

காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியையும் வாங்காதீர்கள். சிங்கராஜ வனத்திலிருந்து எச்செடியையும் எடுப்பது சட்டப்படி குற்றம். குடுவைச் செடி இனங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அனுமதிப் பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. அன்றியும், காட்டிற் பிடுங்கியதன் வேர் அறுந்திருக்கும். பத்தில் ஒன்று பிழைப்பதும் அரிது. தண்டு பதித்து வளர்த்த கன்றென்று விற்பவர் உறுதி கூறினால் மாத்திரம் வாங்குங்கள். அடியில் வெட்டுவாய் தெரிகிறதா, பக்கத்தில் புதுக் குருத்து வந்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

ஐப்பசி மழை விழுந்து காற்று ஈரமானதும் சாடி மாற்றலாம், தண்டும் பதிக்கலாம். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டாக வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, கழுவிய தும்புத்தூளில் நட்டு, பொலித்தீன் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர்விட இரண்டு மாதமும் செல்லும், அதற்கு மேலும் செல்லும். இடையில் இழுத்துப் பார்க்காதீர்கள். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆகையால் விதையை நம்பிக் காத்திருப்பதிலும் தண்டே நமக்கு எளிது. நான் கூறிய அவ்வீட்டில் எஞ்சிய மூன்று செடிகளிலிருந்து சென்ற மாரியில் பதினெட்டுத் துண்டுகள் நட்டனர், பதினொன்று வேர்விட்டன. வெங்காய விதைக்கான பணம் இன்னும் திரும்பவில்லை. கிணற்றடியில் இவ்வாண்டு இரண்டு பீப்பாக்கள் நிற்கின்றன.

மாரி பிறந்ததும் கிடுகை ஒரே நாளில் அகற்றிவிடாதீர்கள். மழைக்கிடையில் அடிக்கும் வெயில், நிழலிலேயே வளர்ந்த இலையைச் சுடும். நாளுக்கு ஒரு கிடுகாக எடுத்து வாருங்கள். சாக்கைக் கழுவி, நன்றாக உலர்த்தி, கறையான் எட்டாத உயரத்தில் மடித்து வையுங்கள். அடுத்த வைகாசியில் அது மீண்டும் வேண்டும்.